வரிசையில் யார் எங்கே?

சிறுவயதில் எங்கள் தெருவில் நாங்கள் ஆடிய கிரிக்கெட்டில், யார் முதலில் மட்டை பிடிப்பது என்ற ஐயம் எழுந்ததே இல்லை. மட்டைக்கு உடையவன் முதலில் ஆடுவான். பந்துக்கு உடையவன் அடுத்து ஆடுவான். மற்றவர்கள் வயது மூப்பின்படி நிற்போம். எல்லாருக்கும் இளையவனான எனக்குக் கடைசி இடம். என் முறை வருவதற்குள் பெரும்பாலும் பொழுது சாய்ந்துவிடும். வரிசை என்பது உரிமையையும் பெருமையையும் ஒட்டி அமைவது, அதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை என்று அப்போது என் மனத்தில் பதிந்துவிட்டது.

அந்த எண்ணத்தைப் பிற்காலத்தில் மாற்றியது அமெரிக்கர்களின் பேஸ்பால் ஆட்டம். நான் அந்த ஆட்டத்தை ஆடியவனல்லன், கணிதம் கற்பிப்பவன். ஒன்பது பேரை ஒரு வரிசையில் நிறுத்துவது என்ற சிறிய காரியத்தைப் பற்றி அந்நாட்டினர் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக வாதாடி வந்திருக்கிறார்கள் என்று அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. அந்த வாதத்தில் வழக்கம் எங்கே நிற்கிறது, கணக்கு எங்கே நிற்கிறது என்பதை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஆட்டத்தின் அமைப்பைச் சுருக்கமாகப் பார்ப்போம். ஒரு குழுவில் ஒன்பது பேர் மட்டை பிடிப்பார்கள். மைதானத்தில் சாய்சதுர வடிவில் நான்கு தளங்கள் உண்டு. மட்டைக்காரர் பந்தை அடித்துவிட்டு முதல் தளத்துக்கு ஓடுகிறார்; பிறகு இரண்டாவது, மூன்றாவது தளங்களைக் கடந்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிட்டால் ஓர் ஓட்டம். பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பிவிட்டால் அது ஹோம் ரன். அடித்தவரோடு, தளங்களில் அப்போது நிற்பவர்கள் அனைவரும் வந்து சேர்வார்கள். பந்து வீசுபவர் நான்கு பந்துகளைத் தவறான இடத்தில் வீசி, மட்டைக்காரரும் அவற்றை அடிக்காமல் விட்டுவிட்டால், அவர் ஓடாமலே முதல் தளத்துக்கு நடந்து போகலாம். மூவர் அவுட் ஆனதும் எதிர்க் குழு மட்டை பிடிக்க வரும். இப்படி ஒன்பது இன்னிங்ஸ் நடைபெறும்.

இங்கே கிரிக்கெட்டுக்கும் இதற்கும் உள்ள ஒரு பெரிய வேற்றுமையைக் கவனிக்கவேண்டும். கிரிக்கெட்டில் ஒருவர் ஓர் இன்னிங்ஸில் ஒரு முறைதான் ஆடுவார். அடுத்து யாரை அனுப்புவது என்பதைத் தலைவர் ஆட்டத்தின் நடுவிலும் மாற்றிக்கொள்ளலாம். பேஸ்பாலில் அது நடவாது. ஆட்டம் தொடங்குமுன் எழுதிக் கொடுத்த வரிசைதான் முடிவு. ஒருவரை எடுத்துவிட்டு வேறொருவரைச் சேர்த்தால், புதியவர் பழையவரின் இடத்திலேயே நிற்கவேண்டும். ஓர் இன்னிங்ஸ் ஆறாவது ஆளோடு முடிந்தால் அடுத்தது ஏழாவது ஆளோடு தொடங்கும். ஒன்பதாமவருக்குப் பிறகு முதல்வர் மீண்டும் வருவார். கிரிக்கெட்டின் வரிசை ஒரு நேர்கோடு என்றால், பேஸ்பாலின் வரிசை ஒரு வட்டம். இந்த உவமையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் பயன்படும்.

வரிசையால் என்ன வந்துவிடும் என்று நீங்கள் கேட்கலாம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் இன்னிங்ஸில் ஒருவர் ஹோம் ரன் அடிக்கிறார். அடுத்து இருவர் ஆளுக்கு ஒரு தளம் போகுமளவு அடிக்கிறார்கள். அதற்குப் பின் மூவரும் அவுட் ஆகிறார்கள். கிடைத்தது ஓர் ஓட்டம். அதே அடிகளை வரிசை மாற்றுங்கள். முதல் இருவர் தளங்களில் போய் நிற்க, மூன்றாமவர் ஹோம் ரன் அடிக்கிறார். இப்போது மூன்று ஓட்டங்கள்! அடித்தவர்கள் அவர்களே, அடித்த அடிகளும் அவையே. முன்பின் மாறியதுதான் வேறுபாடு. ஒன்பது பேரை 3,62,880 விதமாக வரிசைப்படுத்தலாம். அவற்றுள் எது நல்லது?

பழைய மானேஜர்கள் இதற்கு ஒரு வழக்கத்தை வகுத்திருந்தார்கள். முதலிடத்தில் வேகமாக ஓடுபவர். இரண்டாமிடத்தில், பந்தை மெல்லத் தட்டிவிட்டுத் தாம் அவுட் ஆனாலும் முன்னவரை அடுத்த தளத்துக்கு நகர்த்தத் தெரிந்தவர். மூன்றாமிடத்தில் குழுவின் சிறந்த ஆட்டக்காரர். நான்காமிடத்தில், தளங்களில் நிற்பவர்களையெல்லாம் ஒரே அடியில் வீடு சேர்க்கும் வலியவர். அதன் பிறகு திறமை இறங்குமுகமாகச் செல்லும்; கடைசி இடம் மட்டை பிடிக்கத் தெரியாத பந்து வீச்சாளருக்கு.

இந்த வழக்கம் எவ்வளவு உறுதியாக இருந்தது என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1929-ஆம் ஆண்டில் நியூயார்க் யாங்கீஸ் குழுவினர் தங்கள் சட்டை முதுகில் எண் தைத்துக்கொண்டபோது, மட்டை பிடிக்கும் வரிசையையே எண்ணாகக் கொண்டார்கள். மூன்றாவதாக ஆடிய பேப் ரூத்துக்கு 3, நான்காவதாக ஆடிய லூ கெரிக்குக்கு 4. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 1927-இல், ரூத் 60 ஹோம் ரன்களும் கெரிக் 47 ஹோம் ரன்களும் அடித்திருந்தார்கள். இத்தகைய இருவர் நின்ற இடங்களுக்குப் பெருமை வந்து சேர்ந்ததில் வியப்பில்லை. மூன்றும் நான்கும் சிம்மாசனங்கள் ஆயின.

ஆயினும் பெருமை வேறு, வேலை வேறு. கணக்கறிந்தவர்கள் வந்து மூன்று எளிய கேள்விகளைக் கேட்டார்கள்.

முதற் கேள்வி: ஒவ்வோர் இடத்துக்கும் எத்தனை வாய்ப்புக் கிடைக்கிறது? இதை நீங்களே கண்டுபிடிக்கலாம். இப்போது ஒரு பருவத்தில் ஒரு குழுவுக்கு 162 ஆட்டங்கள். ஒவ்வோர் ஆட்டமும் வட்டத்தில் யாரோ ஒருவரிடம் வந்து முடிகிறது. அந்தக் கடைசி ஆள் ஒன்பது பேரில் எவராகவும் இருக்கலாம் என்று கொண்டால், ஒவ்வோர் இடத்திலும் ஏறக்குறைய 18 ஆட்டங்கள் முடியும். முதலாமவரோடு முடியும் அந்த 18 ஆட்டங்களில், அவர் இரண்டாமவரைவிட ஒரு முறை கூடுதலாக ஆடியிருப்பார். இப்படியே இடத்துக்கு இடம் 18 வாய்ப்புகள் குறைந்துகொண்டே போகும். முதலிடத்துக்கும் ஒன்பதாமிடத்துக்கும் உள்ள வேறுபாடு 144 வாய்ப்புகள். அப்படியானால், வேகமாக ஓடுகிறார் என்பதற்காக மட்டும் ஒருவரை முதலில் நிறுத்தலாமா?

இரண்டாவது கேள்வி: முதலில் நிற்பவர் செய்யவேண்டிய வேலை யாது? தளத்தைச் சென்றடைவது. அடித்துச் சென்றாலும் நடந்து சென்றாலும் பலன் பெரும்பாலும் ஒன்றே. ஆனால், பழைய அடிச் சராசரி, நடந்து சென்றவற்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை. புரூக்ளின் டாட்ஜர்ஸ் குழு 1947-இல் ஆலன் ராத் என்ற கணக்கரை வேலைக்கு அமர்த்தியது. அவருடைய கணக்குகளைக் கொண்டு, அக்குழுவை நடத்திய பிராஞ்ச் ரிக்கி 1954-இல் 'லைஃப்' பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். தளத்தை அடையும் விகிதத்துக்கு அதில் முக்கிய இடம் கொடுத்தார். அவ்விகிதம் 1984-இல்தான் அதிகாரபூர்வமான கணக்காக ஏற்கப்பட்டது. முப்பது ஆண்டுகள்! ஒரு நல்ல கருத்துப் பிறப்பதற்கும் அது அவையேறுவதற்கும் இடையே எத்தனை தொலைவு, பார்த்தீர்களா?

முதலிடத்தின் வேலையை முழுமையாகச் செய்துகாட்டியவர் ரிக்கி ஹெண்டர்சன். 1979 முதல் 2003 வரை ஆடிய அவர் 1,406 தளங்களைத் திருடினார். அதாவது, பந்து அடிக்கப்படாத நேரத்திலேயே அடுத்த தளத்துக்கு ஓடிச் சேர்ந்தார். அவர் ஓட்டத்தை ஊர் புகழ்ந்தது. ஆனால், அவர் அடித்த அடிகளோடு, பொறுமையாகக் காத்திருந்து நடந்தே தளம் சேர்ந்தது 2,190 முறை. தளத்தில் நிற்பவன்தானே தளத்தைத் திருட முடியும்! இறுதியில் அவர் சேர்த்த 2,295 ஓட்டங்களை இதுவரை எவரும் மிஞ்சவில்லை.

மூன்றாவது கேள்வி: ஒவ்வொருவரும் எந்தச் சூழ்நிலையில் மட்டை பிடிக்க வருகிறார்? 1963-இல் ஜார்ஜ் லிண்ட்சே என்ற கனடிய அறிஞர், ஆட்டத்தின் ஒவ்வொரு நிலையிலிருந்தும் அந்த இன்னிங்ஸ் முடிவதற்குள் சராசரியாக எத்தனை ஓட்டங்கள் வருகின்றன என்று அட்டவணையிட்டார். யாரும் அவுட் ஆகாமல் முதல் தளத்தில் ஒருவர் நிற்கும்போது கிடைப்பது தோராயமாக 0.8 ஓட்டம். ஒருவர் அவுட் ஆகி, அவர் இரண்டாம் தளத்துக்கு நகர்ந்த பின் கிடைப்பது தோராயமாக 0.7 ஓட்டம்தான். இரண்டாமவர் தம்மைப் பலிகொடுத்து முன்னவரை நகர்த்துவது சிறந்த தியாகம் என்று கருதப்பட்டு வந்தது. கணக்குப் பார்த்தால், அது பெரும்பாலும் நட்டத்தில் முடியும் தியாகம். அப்படியானால், இரண்டாமிடத்தில் தட்டிவிடுபவர் எதற்கு? நன்றாக அடிப்பவரே அங்கு நிற்கட்டும்.

சிம்மாசனமாகிய மூன்றாமிடத்தின் நிலை இன்னும் வேடிக்கை. முதல் இன்னிங்ஸில், முன்னிருவரும் அவுட் ஆகித் தளங்கள் வெறுமையாக இருக்கும் வேளையில் மூன்றாமவர் அடிக்கடி வந்து நிற்கிறார். அந்த வேளையில் அவர் எவ்வளவு நன்றாக அடித்தாலும் பயன் குறைவு. ஆகவே, சிறந்த மூவரை ஒன்று, இரண்டு, நான்கு ஆகிய இடங்களில் நிறுத்துவதே தக்கது என்பது 2006-இல் டாம் டாங்கோவும் அவருடைய நண்பர்கள் இருவரும் வெளியிட்ட ஆராய்ச்சி நூலின் முடிவு. வட்டத்தின் இறுதியிலும் ஒரு நுட்பம் உண்டு. 1998-இல் செயின்ட் லூயிஸ் குழுவின் மானேஜர் டோனி லா ரூஸா, பந்து வீச்சாளரை எட்டாமிடத்துக்கு மாற்றினார். ஒன்பதாமிடத்தில் ஓரளவு அடிக்கத் தெரிந்தவர் நின்றால், அவருக்கு அடுத்து வட்டம் சுற்றிவரும் சிறந்தவர்களுக்கு முன் தளத்தில் ஓர் ஆள் இருப்பார் அல்லவா?

இம்மாறுதல்கள் மெல்ல மெல்ல மைதானத்தில் ஏறின. 2023-இல் பிலடெல்பியா குழுவில் கைல் ஷ்வார்பர் என்பவர் பெரும்பாலும் முதலிடத்தில் ஆடினார். அவருடைய அடிச் சராசரி .197 மட்டுமே, பழைய மானேஜர் அவரைக் கடைசிக்குத் தள்ளியிருப்பார். ஆனால், அவர் 126 முறை நடந்து சென்றார்; 47 ஹோம் ரன்களும் அடித்தார். ரூத்துக்கு 3 என்ற எண்ணைக் கொடுத்த அதே யாங்கீஸ் குழுவின் ஆரன் ஜட்ஜ், 2022-இல் தம் 62-ஆவது ஹோம் ரன்னை அடித்து அமெரிக்கன் லீகின் புதிய சாதனையை நிறுவினார். அந்த ஆட்டத்தில் அவர் நின்ற இடம் முதலிடம்.

இவ்வளவு சொன்ன நான் கணக்கின் மற்றொரு பக்கத்தை மறைத்தால் அது நேர்மையாகாது. வழக்கமான வரிசையை விட்டு மிகச் சிறந்த வரிசைக்கு மாறினால் ஒரு முழுப் பருவத்தில் கிடைக்கும் ஆதாயம் எவ்வளவு? ஏறக்குறைய பத்துப் பதினைந்து ஓட்டங்கள். பத்து ஓட்டங்களுக்கு ஒரு வெற்றி என்பது பொதுக் கணக்கு. 162 ஆட்டங்களில் ஒரு வெற்றி, அவ்வளவுதான்! காரணம், நான் முன்பு சொன்ன வட்டம். எழுதிய வரிசை எழுதியபடியே தொடங்குவது முதல் இன்னிங்ஸில் மட்டுமே. பிறகு எந்த இன்னிங்ஸை யார் தொடங்குவார் என்பதை ஆட்டமே தீர்மானிக்கிறது. 1972-இல் டெட்ராய்ட் குழுவின் மானேஜர் பில்லி மார்ட்டின், தொடர்ந்து வந்த தோல்விகளால் சலித்துப்போய், பெயர்களைத் தொப்பியில் இட்டுக் குலுக்கி எடுத்து அந்த வரிசையிலேயே ஆடவிட்டார். அடிப்பதில் வல்லவரான நார்ம் கேஷ் முதலிடத்துக்கு வந்தார். அடிப்பதில் எளியவரான எட்டி பிரிங்க்மன் நான்காமிடத்துக்கு வந்தார். அன்று அக்குழு 3-2 என்று வென்றது. ஒன்பது பேரை எப்படி நிறுத்துவது என்பதைவிட, எந்த ஒன்பது பேர் என்பதே பெரிய கேள்வி.

அப்படியானால் இந்த ஆராய்ச்சியெல்லாம் வீணா? 1978-ஐ நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டில் 162 ஆட்டங்களின் முடிவில் யாங்கீஸ் குழுவும் பாஸ்டன் குழுவும் தலைக்கு 99 வெற்றிகளோடு சமமாக நின்றன. இருவரில் எவருக்கேனும் ஒரே ஒரு வெற்றி கூடுதலாக இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். முடியாமையால் மேலும் ஓர் ஆட்டம் பாஸ்டனில் வைக்கப்பட்டது. ஏழாவது இன்னிங்ஸில் யாங்கீஸ் இரண்டு ஓட்டங்கள் பின்தங்கியிருந்த வேளை, இருவர் அவுட், இருவர் தளங்களில். அப்போது மட்டை பிடிக்க வந்தவர் பக்கி டென்ட். அவர் வரிசையில் ஒன்பதாமவர். பெரிய அடிக்குப் பெயர் பெற்றவரல்லர். அவர் அடித்த பந்து வேலியைத் தாண்டியது. மூன்று ஓட்டங்கள் வந்தன. அந்த ஆட்டத்தை யாங்கீஸ் 5-4 என்று வென்றது.

ஒரு வெற்றி சிறியதன்று. கடைசி இடமும் சிறியதன்று. மாணவ நண்பர்களே, உங்கள் பள்ளியிலோ கல்லூரியிலோ குழுவை அமைக்கும் பொறுப்பு உங்களிடம் வரலாம். அப்போது, "இந்த இடம் யாருக்கு உரியது?" என்று கேட்காதீர்கள், "இந்த இடத்தில் செய்யவேண்டிய வேலை என்ன, அதை யார் நன்றாகச் செய்வார்?" என்று கேளுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒரு பருவம் முழுதும் பொறுமையாக எண்ணி எழுதி வாருங்கள். மட்டைக்கு உடையவனைச் சற்றுப் பின்னால் நிற்கச் சொல்ல உங்களுக்குத் துணிவு வேண்டும். அந்தத் துணிவை உங்கள் நோட்டுப் புத்தகம் தரும். பொழுது சாய்வதற்குள் கடைசிப் பையனுக்கும் ஒரு முறை கொடுத்துப் பாருங்கள்.