கம்பிக்கு இழுக்கத்தான் தெரியும்

ப்ளஸ் ஒன் படிக்கும் அண்ணன் மகள், பள்ளி விட்டு வரும்போது சைக்கிளைப் பள்ளத்தில் இறக்கிவிட்டாள். கேரியரில் தோழி வேறு. இருவருக்கும் அடியில்லை. ஆனால் பின்சக்கரம் சுற்றுக்கு ஒருமுறை பிரேக் கட்டையில் சரக் சரக்கென்று உரசியது. "புது வீல்தான் போடணுமா சித்தப்பா?" என்று கலங்கிப்போய்க் கேட்டாள்.

சைக்கிள் கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சக்கரத்தைச் சுற்றவிட்டார். கோணல் வந்த இடத்தில் நிறுத்தி, அங்கிருந்த போக்ஸ் கம்பிகளை இரண்டிரண்டாக விரல்களுக்குள் சேர்த்து அமுக்கிப் பார்த்தார். "ரிம் நல்லாத்தாம்மா இருக்கு, கம்பிதான் தளந்துபோச்சு. செத்த உட்காருங்க" என்றார்.

ரிம் கோணினால் நாமும் முதலில் செய்ய வேண்டியது அந்த அமுக்கலைத்தான். ஹப்பின் இரு பக்கத்திலிருந்தும் கம்பிகள் மாறி மாறி ரிம்முக்குப் போகின்றன. இடப்பக்கத்துக் கம்பி ரிம்மை இடப்பக்கம் இழுக்கிறது, வலப்பக்கத்துக் கம்பி வலப்பக்கம் இழுக்கிறது. இரண்டு இழுப்பும் சமமாக இருக்கும்வரை சக்கரம் நேராக ஓடும். சுமார் 2 மி.மீ. தடிமனுள்ள கம்பிக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. ரிம்மை எந்த அளவுக்குச் சரிசெய்யலாம் என்பதும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

ரிம் வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த இடத்தில் இடப்பக்கக் கம்பி தொளதொளவென்று இருந்தாலோ ஒடிந்திருந்தாலோ கவலை வேண்டாம், கம்பியைக் கவனித்தால் போதும். மாறாக, இடப்பக்கக் கம்பிகள் ஏற்கெனவே விறைப்பாக இருந்து, வலப்பக்கத்தவை தளர்ந்திருந்தால் உலோகமே வளைந்துவிட்டது என்று பொருள். அதை மேலும் மேலும் முறுக்கி நேராக்கினால் சக்கரம் அன்றைக்கு நேராக ஓடும், கொஞ்ச நாளில் கம்பிகள் ஒவ்வொன்றாக ஒடியத் தொடங்கும். "டைட் வெச்சுட்டேன்" என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட சக்கரங்கள் பல இப்படித்தான் மறுபடி கடைக்கு வருகின்றன.

கோட்டம் எடுப்பதற்கு அவசரம் ஆகாது. சாய்ந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கக் கம்பியின் நிப்பிளை, அதாவது கம்பி நுனியை ரிம்மில் பிடித்திருக்கும் மரையை, கால் சுற்று இறுக்க வேண்டும், சாய்ந்த பக்கத்ததைக் கால் சுற்று தளர்த்த வேண்டும், பிறகு சுற்றிப் பார்க்க வேண்டும். டயர் பக்கமிருந்து பார்த்தால் வலஞ்சுழியாகத் திருகினால் இறுகும். துருப்பிடித்த நிப்பிளுக்கு முதலில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். இல்லாவிட்டால் நிப்பிள் சுற்றாது, கம்பிதான் முறுகும்.

பள்ளத்தில் மோதி ரிம் உள்நோக்கி அமுங்கியிருந்தால் கதை வேறு. கம்பியை இறுக்கினால் அமுங்கிய இடம் இன்னும் ஆழமாகும், தளர்த்தினால் தானாக மேலே வராது. விளிம்பு மட்டும் மடங்கியிருந்தால், டயரைக் கழற்றிவிட்டு, அட்ஜஸ்டபிள் ஸ்பேனரால் விளிம்பைக் கவ்வி மெதுவாக நிமிர்த்தலாம். இரும்பு ரிம் இதைத் தாங்கும். அலுமினிய ரிம் ஒருமுறை வளைந்தாலே பலம் குறையும், திரும்ப வளைக்கும்போது விரிசல் விடலாம். நிமிர்த்தியபின் நிப்பிள் துளைகளைச் சுற்றியும் பிரேக் கட்டை படும் இடத்திலும் விரலால் தடவிப் பாருங்கள். தலைமுடி அளவு விரிசல் தெரிந்தாலும் அந்த ரிம்மை மாற்றிவிடுங்கள். முன்சக்கரமாக இருந்தால் வீடு வரைக்கும்கூட ஓட்ட வேண்டாம், தள்ளிக்கொண்டே வாருங்கள். ஓட்டத்தில் முன்சக்கரம் முறிந்தால் ஆள் தலைகுப்புறத்தான் விழ வேண்டியிருக்கும். கார்பன் ரிம்மில் அடிபட்டால் கடையில் தட்டி நிமிர்த்தும் பேச்சுக்கே இடமில்லை.

புது ரிம் வாங்கும்போது பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள். "26 இஞ்ச்" என்று கேட்டால் மட்டும் போதாது, அந்தப் பெயரில் ஒன்றுக்கொன்று பொருந்தாத பல அளவுகள் இருக்கின்றன. டயரின் பக்கவாட்டில் 559, 584, 590 என்று மூன்று இலக்க எண் இருக்கும். அதுதான் டயர் உட்காரும் இடத்தின் விட்டம், மில்லிமீட்டரில். பழைய 28 இஞ்ச் கறுப்பு சைக்கிளுக்கு 635. துளைகளையும் எண்ணிக்கொள்ளுங்கள். அந்தக் கறுப்பு சைக்கிளில் முன்னால் 32, பின்னால் 40 இருக்கும். புது ரிம் பழையதன் அச்சாக அமைந்துவிட்டால், தேர்ந்த கடைக்காரர் பழைய ரிம்மோடு அதைச் சேர்த்துக் கட்டிக் கம்பிகளை ஒவ்வொன்றாக இதிலிருந்து அதற்கு மாற்றிவிடுவார். பின்னலைக் குலைக்காமல் நடக்கும் அந்த வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

எங்கள் சைக்கிளுக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. கடைக்காரர் கோட்டம் எடுத்து முடித்ததும் டயரைக் கட்டைவிரலால் அழுத்தினார். அது உள்ளே போனது. காற்று குறைந்த டயர் பள்ளத்தில் நசுங்கி, அடி நேரே ரிம்மில் விழுந்திருக்கிறது. காற்றடித்துக் கொடுத்து, "புதுசா இறுக்குன கம்பி கொஞ்சம் இளகும். ஒரு வாரம் ஓட்டிட்டுத் திரும்பக் கொண்டா பாப்பா" என்றார்.

அடுத்த சனிக்கிழமை போனோம். மூன்று கம்பிகளை மட்டும் கால் கால் சுற்று இறுக்கினார்.