டிக்காக்ஷன் கணக்கு

காபி போட உதவும் கைபேசிச் செயலிகளுக்கு வேலை மூன்றுதான். எத்தனை கிராம் தூளுக்கு எவ்வளவு தண்ணீர் என்று கணக்குச் சொல்வது ஒன்று. தண்ணீர் ஊற்றியதிலிருந்து நேரம் பார்ப்பது இரண்டாவது. அன்றைக்குப் போட்ட காபி எப்படி வந்தது என்று குறித்து வைப்பது மூன்றாவது. மற்றபடி தண்ணீரின் சூடோ தூளின் எடையோ செயலிக்குத் தானாகத் தெரியாது. பித்தளையிலோ எவர்சில்வரிலோ செய்த ஃபில்டரில் டிக்காக்ஷன் இறக்கும் மதுரை வீட்டுக்கு முதல் இரண்டு வேலைகளும் அப்படியே பொருந்துவதில்லை. மூன்றாவதுதான் நன்றாக உதவுகிறது.

இந்தச் செயலிகளில் ஓடும் கணக்கு கைபேசியைவிட மிகப் பழையது. 1950களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்த லாக்ஹார்ட் என்ற வேதியியலாளர் காபிக்கு ஒரு வரைபடம் தயாரித்தார். தூளின் எடையில் 18 முதல் 22 சதவீதம் வரை தண்ணீரில் கரைந்து இறங்கினால் ருசி சரியாக இருக்கும், அதற்குக் குறைந்தால் சப்பென்று புளிக்கும், கூடினால் கசக்கும் என்பது அதன் சாரம். கோப்பையில் இருக்கும் காபியில் கரைந்த பொருள் ஒன்றேகால் சதவீதம் வாக்கில் இருந்தால் போதும் என்றும் அது சொன்னது. இன்று செயலிகள் சொல்லும் ‘1 பங்கு தூளுக்கு 15 அல்லது 16 பங்கு தண்ணீர்’ என்ற விகிதம் இந்த வழியில் வந்ததே. 2000களின் கடைசியில் காபியின் அடர்த்தியை ஒளிவிலகலால் அளக்கும் சிறு கருவிகள் வந்தன. அதற்குச் சில ஆண்டுகள் கழித்துப் புளூடூத் மூலம் கைபேசியோடு பேசும் தராசுகள் வந்தன. வரைபடம் திரைக்கு மாறியது இப்படித்தான்.

செயலிகளில் அடிக்கடி கண்ணில் படும் செய்முறை ஒன்று உண்டு. 2016இல் டப்ளினில் நடந்த உலகக் காபி வடிப்புப் போட்டியில் ஜப்பானின் டெட்சு கசுயா வென்றபோது பேர் பெற்ற ‘4:6’ முறை அது. 20 கிராம் தூள், 300 கிராம் தண்ணீர், ஐந்து தவணையாக ஊற்ற வேண்டும், தவணைக்கு இடையே 45 விநாடி. முதல் இரண்டு தவணை இனிப்பையும் புளிப்பையும் தீர்மானிக்கும், மற்ற மூன்றும் அடர்த்தியைத் தீர்மானிக்கும். இதற்குச் செயலி மிகவும் பொருத்தம். கை தண்ணீரை ஊற்றும்போது கண் கடிகாரத்தைத் தேட வேண்டியதில்லை, கைபேசியே ஒலி எழுப்பிச் சொல்லிவிடும்.

ஆனால் இவையெல்லாம் காகித வடிகட்டியில் இறக்கி, பால் இல்லாமல் குடிக்கும் காபிக்கு எழுதப்பட்டவை. மதுரை வீட்டு ஃபில்டரில் நடப்பது வேறு. மேல் பாத்திரத்தில் 25 கிராம் தூள் போட்டு 150 மில்லி கொதிநீர் ஊற்றினால் தூள் தன் எடையைப்போல் இரண்டு மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கீழே இறங்குவது 100 மில்லி அளவுக்கு டிக்காக்ஷன். இரண்டு பேருக்கு அது போதும், தம்ளருக்கு 50 மில்லி டிக்காக்ஷனும் அதைப்போல் இரண்டு மடங்கு பாலும். தூளுக்கும் தண்ணீருக்கும் விகிதம் 1:6. செயலியில் இருக்கும் 1:16 விகிதத்தை நம்பி ஃபில்டரில் ஊற்றினால் கிடைப்பது பால் சேர்த்ததும் காணாமல் போகும் கழுவு நீர்தான்.

இன்னொரு சிக்கல் சிக்கரி. காபித்தூள் எவ்வளவு முயன்றாலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கரையாது, நல்ல ருசிக்கு ஐந்தில் ஒரு பங்கு கரைந்தால் போதும். வறுத்த சிக்கரி அப்படியல்ல, பாதிக்கும் மேல் கரைந்துவிடும். கடையில் ‘எண்பது இருபது’ என்று கேட்டு வாங்கும் தூளில் 25 கிராம் எடுத்தால் அதில் காபி 20 கிராம், சிக்கரி 5 கிராம். காபியிலிருந்து இறங்குவது 4 கிராம் என்றால், சிக்கரியிலிருந்து மட்டும் 3 கிராம் அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஐந்தில் ஒரு பங்காகப் போட்ட பொருள், டிக்காக்ஷனின் அடர்த்தியில் பாதியை நெருங்குகிறது. எனவே 18-22 சதவீதக் கணக்கு கலப்புத் தூளுக்குப் பொருந்தாது. கலப்பில் காபி குறைந்தது 51 சதவீதமாவது இருக்க வேண்டும், விகிதத்தைப் பொட்டலத்தில் அச்சிட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. செயலியில் முதலில் எழுத வேண்டிய எண் அந்தப் பொட்டலத்தில்தான் இருக்கிறது.

செயலியின் அறிவுரைகளும் இங்கேதான் தடுமாறுகின்றன. காபி கசந்தால் தூளைக் கொஞ்சம் பரபரவென்று அரைக்கச் சொல்லும். சிக்கரியால் வந்த கசப்பு அரவையை மாற்றினால் போகாது. அதற்குக் கடையில் ‘சிக்கரி இருபதுக்கு மேல போடாதீங்கண்ணே’ என்று சொல்வதே வழி. அதேபோல் குறைவாக இறங்கிய காபியின் புளிப்பைப் பாலும் சர்க்கரையும் மூடிவிடும். நாக்குக்குத் தெரிவது ‘ஸ்ட்ராங்காக இல்லை’ என்பது மட்டுமே. உடனே தூளைக் கூட்டுவது வழக்கம். பல சமயம் கூட்ட வேண்டியது தூளை அல்ல, தண்ணீரின் சூட்டை.

ஆகவே ஃபில்டர் வைத்திருப்பவர் செயலியின் ஆயத்தச் செய்முறைகளை விட்டுவிட்டு, சொந்தமாக ஒன்று எழுதிக்கொள்ள வேண்டும். இதற்கு இடம் தரும் செயலிகளில் பீன்கான்கரர் குறிப்பிடத்தக்கது. இலவசம், மூலநிரல் திறந்தது, ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் கிடைக்கும். அதில் புதிய வடிப்பு முறை என்று ஒன்றைச் சேர்த்து ‘ஃபில்டர்’ என்று பெயர் வைத்துக்கொள்ளலாம், வேண்டாத கட்டங்களை மறைத்துவிடலாம். டைமர்.காபி என்ற இன்னொரு செயலி படிப்படியாக வழிகாட்டுவதில் எளிமையானது. இவற்றின் திரை ஆங்கிலத்தில் இருந்தாலும், குறிப்பு எழுதும் கட்டத்தில் தமிழில் எழுதத் தடையில்லை, கூகுள் விசைப்பலகையில் பேசினாலே எழுத்து விழும்.

செயலிக்கு முன்னால் வாங்க வேண்டியது தராசு. சில நூறு ரூபாய்க்கு வரும், ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு போதும். புளூடூத் தராசு சில ஆயிரம் ஆகும், டிக்காக்ஷனுக்கு அது ஆடம்பரம். கரண்டிக் கணக்கு ஏன் ஏமாற்றுகிறது என்பதைத் தராசில் வைத்தால் உடனே தெரியும். தலை தட்டிய கரண்டிக்கும் குவித்த கரண்டிக்கும் எடை வேறு. அன்றைக்கு அரைத்த தூள் பொலபொலவென்று இருக்கும், டப்பாவில் கிடந்து அமுங்கிய தூள் அதே கரண்டியில் அதிக எடை காட்டும். கோரிப்பாளையம் விசாலம் காபி போன்ற கடைகளில் நின்று குடிப்பவர்கள் வீட்டுக் காபி ஒரு நாளைப்போல் மறுநாள் இல்லை என்று அலுத்துக்கொள்வதில் கைமணத்தின் பங்கு கொஞ்சம், அளவின் பங்கு அதிகம்.

செயலி கேட்கும் கொட்டை விவரங்கள் முதலில் மிரட்டும். கடைப் பெயர்களை வைத்தே அவற்றை நிரப்பிவிடலாம். ‘பிளாண்டேஷன்’ என்றால் சதை நீக்கிக் கழுவிப் பதப்படுத்திய அராபிகா. அதன் பின்னால் வரும் ஏ, பி என்பவை கொட்டையின் பருமனைச் சொல்லும் தரங்கள். ‘செர்ரி’ என்றால் பழத்தோடு வெயிலில் உலர்த்தியது. ‘பார்ச்மென்ட்’ என்றால் கழுவிய ரோபஸ்டா. பீபெரி தனி வகைச் செடியல்ல, பழத்துக்குள் இரண்டு பருப்புக்குப் பதில் ஒன்றே உருண்டையாக விளைந்தது. விளைந்த இடம் தெரிந்தால் அதையும் எழுதலாம். மதுரைக்கு மிக அருகில் காபி விளையும் இடங்கள் சிறுமலையும் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துக் கீழ்ப்பழனி மலையும்தான். தாண்டிக்குடியில் காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. எல்லாவற்றையும்விட முக்கியமான கட்டம் அரைத்த தேதி. அரைத்த தூளிலிருந்து மணம் நாள்கணக்கில் போய்விடும். மொத்தமாக வாங்கி மாதம் முழுக்க ஓட்டுவதைவிட, வாரத்துக்கு 200 கிராம் வாங்குவது எந்தச் செயலியையும்விட அதிகப் பலன் தரும்.

இனி பதிவு. ஒரு நாளின் குறிப்பு இவ்வளவு இருந்தால் போதும்: ‘தூள் 25, தண்ணீர் 150, கேன் தண்ணீர், 80:20, அரைத்து 4 நாள், இறங்க 14 நிமிடம், ஆரஞ்சுப் பால், லேசான கசப்பு.’ ஒரு நிமிட வேலை. இதில் பால் உறையின் நிறம்கூட வீணல்ல. ஆவின் நீல உறையில் கொழுப்பு 3 சதவீதம், ஆரஞ்சில் 6 சதவீதம். கொழுப்பு கூடினால் கசப்பு மட்டுப்படும். முதல் நாள் ஆரஞ்சு, மறுநாள் நீலம் என்று மாறினால் தூளின் மேல் பழி விழும். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மற்றதை அப்படியே வைப்பது ஆய்வுக்கூடத்து ஒழுங்கு. வீட்டில் அதைக் கடைப்பிடிப்பது கடினம், ஆனால் குறிப்பு இருந்தால் எது மாறியது என்றாவது பின்னால் தெரியும்.

நேரத்தை எப்படிப் பார்ப்பது என்பதில் ஒரு தெளிவு வேண்டும். கடைசிச் சொட்டுக்குக் காத்திருந்தால் முடிவே இராது. மூடியைத் திறந்து பார்க்கும்போது அமுக்குத் தட்டின் மேல் தண்ணீர் இல்லை என்றால் கடிகாரத்தை நிறுத்திவிடலாம். இந்த ஒரே எண் பல உண்மைகளைச் சொல்லும். வழக்கமாகக் கால் மணி நேரத்தில் இறங்குவது ஒரு நாள் ஐந்து நிமிடத்தில் இறங்கினால், தூள் பரபரவென்று அரைபட்டிருக்கிறது அல்லது தட்டைச் சரியாக அமுக்கவில்லை. அரை மணி ஆகியும் இறங்காவிட்டால் அதிகம் அமுக்கியிருக்கலாம், சிக்கரி கூடியிருக்கலாம். இன்னொன்றும் உண்டு: தூள் மாறாமல், எடை மாறாமல், இறங்கும் நேரம் மட்டும் வாரா வாரம் ஓரிரு நிமிடம் ஏறிக்கொண்டே போகும். அப்போது கோளாறு ஃபில்டரில். துளைகளில் நுண்ணிய தூளும் காபி எண்ணெயும் படிந்து அடைத்துக்கொண்டிருக்கின்றன. மேல் பாத்திரத்தை அடுப்புத் தீயில் காட்டி, படிந்ததைக் கருக்கித் தட்டி எடுப்பது பாட்டிமார் அறிந்த வைத்தியம். அடைப்பு முழுதாகும் முன்பே காட்டிக்கொடுப்பது செயலியின் வரைபடம்.

சூடு பற்றிச் செயலிகள் சொல்வதையும் இடத்துக்கேற்பப் படிக்க வேண்டும். 92 முதல் 96 டிகிரி என்பது அவை சொல்லும் அளவு. கடல் மட்டத்திலிருந்து 100 மீட்டர் உயரத்தை ஒட்டியிருக்கும் மதுரையில் தண்ணீர் கிட்டத்தட்ட 100 டிகிரியில் கொதிக்கும். 2,100 மீட்டர் உயரக் கொடைக்கானலில் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அங்கே ஆறவிடும் பேச்சுக்கே இடமில்லை. மதுரையிலும் ஆறவிடத் தேவையில்லை. குளிர்ந்த உலோகப் பாத்திரத்தில் விழும்போதே தண்ணீரின் சூடு சில டிகிரி இறங்கிவிடுகிறது. தளதளவென்று கொதித்ததை இறக்கியவுடன் ஊற்றுவதே சரி. முதலில் 50 மில்லியை வட்டமாக ஊற்றித் தூளை நனைத்து, அரை நிமிடம் விட்டு மீதியை ஊற்றினால் சீராக இறங்கும். செயலியின் கடிகாரம் விநாடிக் கணக்கில் உதவும் இடம் இது ஒன்றுதான்.

தண்ணீர்க் கட்டத்தைப் பலரும் வெறுமையாக விடுகிறார்கள். மதுரையில் அதை விடக் கூடாது. ஒரே வீட்டில் மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர், ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், கேன் தண்ணீர் என்று மூன்றும் புழங்கும். உப்புத் தண்ணீரில் இருக்கும் கார்பனேட்டுகள் காபியின் அமிலத்தைச் சமன் செய்து ருசியை மந்தமாக்கிவிடும். ஆர்.ஓ.வில் வடித்த தண்ணீரில் தாது மிகக் குறைந்துபோனால் டிக்காக்ஷன் வெறுமையாக இருக்கும். காபிக்கு லிட்டருக்கு 150 மில்லிகிராம் அளவில் கரைந்த உப்பு இருப்பது நல்லது என்று சர்வதேசச் சிறப்புக் காபி அமைப்பு பரிந்துரைக்கிறது. ஆர்.ஓ. வாங்கிய வீடுகளில் கிடக்கும் டி.டி.எஸ். பேனாவால் தண்ணீரைச் சோதித்து எழுதிக்கொள்ளலாம். அதே பேனாவை டிக்காக்ஷனில் விட்டு அடர்த்தி பார்க்க முடியாது. அது அளப்பது மின்கடத்தலை, காபியில் கரைந்த பெரும்பாலான பொருள்கள் மின்சாரம் கடத்துவதில்லை.

செயலிக் கடைகளில் ஏமாற்றுச் சரக்கும் உண்டு. கைபேசித் திரையில் பொருளை வைத்தால் எடை காட்டும் என்பவை பெரும்பாலும் விளையாட்டுக்குச் செய்தவை, திரையில் தூளைக் கொட்டிப் பார்ப்பதில் பயனில்லை. ‘வெப்பமானி’ என்ற பெயரில் வருபவை சாதாரணக் கைபேசியில் காட்டுவது ஊரின் வானிலையை அல்லது பேட்டரியின் சூட்டைத்தான். மாறாக, சமமட்டம் பார்க்கும் வசதி உண்மையிலேயே வேலை செய்யும். மேடை சாய்ந்திருந்தால் தண்ணீர் ஒரு பக்கமாக இறங்கி மறுபக்கத்துத் தூள் பாதி நனையும், கைபேசியை மேடையில் படுக்க வைத்து அதைக் கண்டுபிடித்துவிடலாம்.

பீன்கான்கரரில் எழுதுவதெல்லாம் அந்தக் கைபேசிக்குள்ளேயே இருக்கும், இணையம் இல்லாமலும் ஓடும். ஆனால் கைபேசி தொலைந்தால் பதிவும் போய்விடும். அமைப்புப் பக்கத்தில் இருக்கும் ஏற்றுமதி வசதியால் அவ்வப்போது ஒரு பிரதி எடுத்து வேறிடத்தில் வைக்க வேண்டும். இரண்டு மூன்று மாதப் பதிவு சேர்ந்ததும், நல்ல மதிப்பெண் பெற்ற நாள்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் அந்த வீட்டுக்கான விகிதம் கிடைத்துவிடும். அதைத் தூள் கடையில் கிராம் கணக்காகவே சொல்லலாம்: 200 கிராமுக்கு பீபெரி 120, ரோபஸ்டா 40, சிக்கரி 40, அரவை நடுத்தரம். தூளைக் கண்ணெதிரே கலந்து அரைத்துத் தரும் கடைகள் இருக்கும் ஊரில் இப்படிக் கேட்பதில் சிரமமில்லை.