கலங்கலும் தெளிவும்

பூவிருந்தவல்லிக்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையின் தென்பால் விரிந்து கிடப்பது செம்பரம்பாக்கம் ஏரி. சேக்கிழார் பெருமான் தோன்றிய குன்றத்தூர் இதற்கு அணித்து. நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் நீரைத் தூய்மை செய்யும் ஆற்றலுடைய நிலையமொன்று 2007ஆம் ஆண்டு இவ்வேரிக்கரையிற் செயற்படத் தொடங்கிற்று. சென்னை மாந்தர் பலர் பருகும் நீர் இவ்வழியே செல்வதாகலின், கலங்கல் என்பது யாது, அது தெளிதல் எங்ஙனம் என்னும் வினாக்கள் ஈண்டு வெறும் நூலாராய்ச்சியாக நில்லா.

மழைநீர் கொணரும் மண்ணிற் பருமணல் விரைந்து படியும். நுண்ணிய களிமண்ணோ படியாது. ஆயிரத்திலொரு மில்லிமீட்டர் விட்டமுடைய துகள், அசைவற்ற நீரில் ஒரு மீட்டர் இறங்குதற்கு ஏறத்தாழப் 10 நாட் செல்லும். அதனிற் பதின்மடங்கு சிறிய துகளுக்கு அக்காலம் நூறு மடங்காம். அன்றியும், அத்துகள்கள் ஓயாது துடித்துக்கொண்டிருக்கும். இத்துடிப்பினை 1827இல் உருப்பெருக்கியிற் கண்டாராய்ந்தவர் இராபர்ட்டு பிரௌன் என்னும் தாவர நூலார். நீரின் மூலக்கூறுகள் எப்புறத்தும் மோதுதலே இதற்குக் காரணமெனக் கணக்கிட்டுக் காட்டியவர் ஐன்ஸ்டைன் (1905). பிரெஞ்சு அறிஞர் பெரென் 1908 முதலாக மரப்பிசினின் நுண்மணிகளை நீரிற் கலந்து, மேலும் கீழும் அவை எத்தனை நிற்கின்றன என்று எண்ணி, அவ்வெண்ணிக்கையினின்று மூலக்கூறுகளின் தொகையை வருவித்தார். மூலக்கூற்றை அவர் கண்ணாற் கண்டாரல்லர். புகை கண்டு நெருப்புண்மை துணிதல் போல, மணியின் நிலை கண்டு அதனை மோதும் பொருளின் உண்மை துணிந்தார். அளவைநூல் பயின்றார்க்கு இது புதுநெறி அன்று.

துகள்கள் தம்முள் ஒட்டிப் பருத்தால் விரைந்து படியுமன்றோ எனின், படியும். ஆயினும் களிமண் துகள்கள் யாவும் எதிர்மின்னேற்றம் உடையனவாதலின் ஒன்றையொன்று விலக்கும். இம்மின்னேற்றத்தைத் தணிப்பதில் ஒற்றை மின்னேற்றமுடைய உப்பணுவினும் மும்மடி மின்னேற்றமுடையது பல நூறு மடங்கு வல்லது என்பது சூல்சு (1882), ஆர்டி (1900) என்போர் ஆராய்ச்சியாற் பெறப்பட்டது. படிகாரத்திலுள்ள அலுமினியம் அத்தகையது. எனவே படிகாரம் நீரைத் தெளிவிப்பது இதனாலே என்று பௌதிக நூலார் அமைந்தனர்.

அற்றேல், முற்றும் விளங்கிற்றெனின், அற்றன்று. இரசாயன நூலார் ஒரு தடை நிகழ்த்தினர். ஏரிநீர் போலும் புளிப்பற்ற நீரில் அலுமினியம் தனித்த மின்னணுவாய் நில்லாது. நீரோடு கூடிக் கூழ்போன்ற ஐடிராக்சைடாகத் திரியும். அக்கூழ் கீழிறங்குங்கால் வலைபோலத் துகள்களை வாரிக்கொண்டு செல்லும் என்பது அவர் கொள்கை. இவ்விரண்டனுள் எது மெய்? இரண்டும் மெய்யே. அளவு சிறிதாயின் மின்னேற்றம் தணிதலும், மிகுமாயின் வாரிச் செல்லுதலும் முற்பட்டு நிகழும். இடைப்பட்ட சில அளவுகளில் துகள் நேர்மின்னேற்றம் பெற்று மீண்டும் கலங்குதலும் உண்டு. அதனாலன்றோ எத்துணைக் கணக்கு வல்லாரும் ஆய்வறையில் ஆறு குவளை நீரை வரிசையாக வைத்து, வெவ்வேறளவு படிகாரமிட்டுக் கலக்கிப் பார்த்தே அன்றைய அளவைத் துணிகின்றனர்!

இனி, நீர் தெளிந்தது என்று சொல்லுதற்கு அளவுகோல் வேண்டும். நீரூடு ஒளியைச் செலுத்தித் துகள்களாற் சிதறுவதை அளப்பது வழக்கம். இந்தியத் தரநிருணயம் (2012) குடிநீர்க் கலங்கலை 1 அலகென்றும், வேறு நீர் இல்லாவிடத்து 5 அலகு வரை தகுமென்றும் வரையறுத்தது. ஒளிக்கருவி துகள் உண்டு என்று சொல்லுமேயன்றி அது மண்ணோ உயிரோ என்று சொல்லாது. அதனைக் கூறுவோர் நுண்ணுயிர் நூலார். பாக்டீரியாக்கள் மண்துகளின் இடுக்கில் ஒளியுமாயின் குளோரின் அவற்றைத் தீண்டாது. ஆகலின் தெளிவித்த பின்னரே குளோரின் இடப்படும். 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் குளோரினிட்ட நீரைப் பருகி ஏறத்தாழ 4 இலட்சம் பேர் நோயுற்றனர். குளோரினுக்கு அடங்காத கிரிப்டோசுபோரிடியம் என்னும் நுண்ணுயிர் வடிகட்டியைக் கடந்ததே காரணம். அந்நாட்களில் அந்நகரின் நீர்நிலையமொன்றிற் கலங்கல் அளவு உயர்ந்திருந்தது. கருவி காட்டிய சிறுவேற்றுமையின் பொருள் உணரப்படுமுன் நோய் ஊரெங்கும் பரவிவிட்டது.

படிகாரம் இல்லாக் காலத்தும் தமிழர் தேற்றாங் கொட்டையைக் கலத்தின் உட்புறம் தேய்த்து நீரைத் தெளிவித்தனர். கலித்தொகையிலும் இஃது உவமையாய் வரும். சேறு அழியாது அடங்கி நிற்றலை மலநீக்கத்துக்கு உவமையாக்கிய சைவ நூலோர் கண்கூர்மை பெரிது. செம்பரம்பாக்கத்தும் சேறு அழிவதில்லை, தொட்டியடியிற் படிந்ததை வாங்கி அகற்றல் வேண்டும். இவ்விதையிலுள்ளவை சர்க்கரையினத்து நெடுஞ்சங்கிலி மூலக்கூறுகள் எனவும், முருங்கை விதையில் அத்தொழில் செய்வது நேர்மின்னேற்றமுடைய புரதம் எனவும் பிற்கால ஆராய்ச்சி காட்டிற்று. ஒரு பயன் தரும் இரு விதைகளின் வழி வேறு வேறாயின.

அவ்விதைகளையே பெருநிலையங்களிற் பயன்படுத்தலாகாதோ எனின், விதைப்பொடியின் எஞ்சிய கூறுகள் நீரிற் கரைந்து தங்கும். கரிமப் பொருள் குளோரினோடு கூடித் தீங்குடைய சேர்மங்களைப் பிறப்பிக்கும் என்பதனை ஒல்லாந்து நாட்டு ரூக் என்பார் 1974இல் வெளிப்படுத்தினார். வீட்டுக் குடத்திற்குப் பொருந்திய முறை 53 கோடி லிட்டருக்குப் பொருந்தாமைக்கு இது தலையாய காரணங்களுள் ஒன்று.