மலையில் காய்ச்சும் பாணி

கொழும்பில் பழப்பாணி காய்ச்சிப் பழகியவர் நுவரெலியாவுக்கு வந்து, வழக்கம்போல வெப்பமானி 104 பாகை காட்டும்வரை காத்திருந்து அடுப்பை அணைத்தால் ஏமாந்துபோவார். பாணி ஆறியதும் போத்தலிலிருந்து ஊற்ற வராமல் இறுகிவிடும்.

காரணம் காற்று. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே நீரை மேலிருந்து அழுத்தும் காற்று குறைவு என்பதால், கடலோரத்தில் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும் நீர் சுமார் 94இலேயே கொதித்துவிடும். ஹட்டனில் ஏறக்குறைய 96. சீனி கரைந்த நீர் கொதிக்கக் கொஞ்சம் கூடுதல் சூடு வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு சீனியுள்ள பாணிக்கு அந்தக் கூடுதல் ஏறக்குறைய 4 பாகை. ஆக, கொழும்பின் 104 நுவரெலியாவில் 98. அதைத் தாண்டி 104 வரை விட்டால் நீர் வற்றி, சீனி 80 சதவீதத்தை எட்டும். அதுதான் கம்பிப் பதம். நம் பாட்டிமார் இரண்டு விரலுக்கிடையில் இழுத்துப் பார்த்தது சீனியின் செறிவை. அந்தச் சோதனை எந்த மலையிலும் பிழைக்காது. எனக்கு இன்றும் அதில்தான் நம்பிக்கை.

மூன்றில் இரண்டு பங்கு சீனி எதற்கு? அவ்வளவு சீனி இருந்தால் நீரை அது பிடித்துவைத்துக்கொள்ளும். பக்டீரியாவுக்குக் குடிக்கப் போதிய நீர் மிஞ்சாது. நுவரெலியாவின் குளிரில் விளையும் ஸ்ட்ரோபெரி பறித்த சில நாட்களில் குழைந்து கெட்டுப்போகும். நறுக்கிச் சீனி தூவி ஓர் இரவு வைத்தால், அதே சீனி பழத்தின் சாற்றை அடுப்பில்லாமலே வெளியே இழுத்துவிடும். பிறகு கொஞ்ச நேரம் காய்ச்சினால் போதும். நெடுநேரம் கொதித்தால் வாசனை ஆவியோடு போய்விடும், சிவப்பும் மங்கும்.

கொக்டெயில் கலப்பவர்களுக்கு இந்தப் பாணி தேவைப்படுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சீனி மதுசாரத்தில் கரையாது என்றே சொல்லலாம். தென்னஞ்சாராயத்தில் அதைக் கரைப்பது அதிலுள்ள நீர்தான். ஐஸ் போட்டுக் குளிர்ந்த கிளாஸில் அந்த நீரும் மந்தமாகவே வேலை செய்வதால், தூவிய சீனி அடியில் மணலாகக் கிடக்கும். பாணியிலோ அது ஏற்கெனவே கரைந்திருக்கிறது. பாணி நீரைவிட ஏறக்குறைய 1.3 மடங்கு அடர்த்தியானது. சாராயம் நீரைவிட இலேசானது. ஆகவே கிளாஸின் ஓரமாக மெல்ல ஊற்றினால் சிவப்பு கீழே, தோடம்பழச்சாறு நடுவில், சாராயம் மேலே என்று அடுக்கடுக்காக நிற்கும்.

சாராயம் தேயிலைத் தோட்ட லயங்களில் குடும்பங்களைப் படுத்திய பாடு எனக்குத் தெரியும். அதனால் அதன் இடத்தில் நான் ஊற்றுவது ஆறிய பிளேன்டீ. அடியில் ஸ்ட்ரோபெரிப் பாணி, அதன்மேல் ஐஸ், மெல்லத் தேநீர், கடைசியில் அரைத் தேசிக்காய். புளிப்பு இறங்க இறங்கத் தேநீரின் கறுப்பு வெளுத்துப் பொன்னிறமாகும். கரண்டியால் ஒரு சுற்றுச் சுற்றினால் பாணி மேலெழும். அதே புளிப்பு பட்டு அதன் சிவப்பு இன்னும் பளிச்சென்று தெரியும்.