பராமரிப்பு இல்லத்தை எடைபோடுவது எவ்வாறு?

கிராமங்களில் முதியோரின் தொகை ஆண்டுக்காண்டு பெருகி வருகிறது. நாடு சுதந்திரம் பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32 ஆண்டுகள். இன்று அது ஏறக்குறைய 70 ஆண்டுகளாக உயர்ந்துள்ளது. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர் 60 வயதை எட்டியவர்கள். கொள்ளை நோய்கள் அடங்கியதாலும், குழந்தை மரணம் குறைந்ததாலும் கிட்டிய நற்பேறு இது. எனினும், ஆயுள் நீளும்போது பக்கவாதம், இடுப்பெலும்பு முறிவு, நினைவாற்றல் குறைவு முதலிய துன்பங்களும் அதனுடன் வருகின்றன.

பக்கவாதம் கண்ட முதியவரை மருத்துவமனையில் சேர்த்தால், உயிருக்கு அபாயம் நீங்கியபின் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அதன் பிறகுதான் குடும்பத்தாரின் சோதனைக் காலம் தொடங்குகிறது. மகன் திருப்பூரிலோ கோயம்புத்தூரிலோ ஆலையில் வேலை பார்க்கிறான். மருமகளுக்குக் காட்டு வேலையும் கைக்குழந்தையும் இருக்கின்றன. ஆகவே, மாதந்தோறும் பணம் பெற்றுக்கொண்டு நோயாளியைப் பேணிப் பயிற்சியளிக்கும் பராமரிப்பு இல்லங்களை நாடவேண்டியதாகிறது. கறவை மாட்டை விற்றும், நகையை அடகு வைத்தும் கட்டணம் செலுத்துவோர் உண்டு. எந்த இல்லத்தில் விடலாம் என்று அவர்கள் முதலில் ஆலோசனை கேட்பது பஞ்சாயத்து அங்கத்தினர்களிடமே. அதற்கு விடை கூறும் வழியை இக்கட்டுரையில் காண்போம்.

இல்லத்தின் இரு கடமைகள்

ஆதரவற்ற முதியோருக்கு உணவும் இருப்பிடமும் அளிக்கும் முதியோர் இல்லம் வேறு. நோயுற்றவரைப் பேணிப் பழைய நிலைக்குக் கொண்டுவர முயலும் பராமரிப்பு இல்லம் வேறு. பின்னதற்கு இரு கடமைகள் உண்டு. நோயாளிக்குப் புதிய தீங்கு நேராமல் காப்பது முதற் கடமை. இழந்த சக்தியில் மீளக்கூடியதை மீட்டுத் தருவது இரண்டாவது கடமை. பக்கவாதம் கண்டவர்களுக்கு முதல் மூன்று மாதங்களில்தான் பெரும்பாலான முன்னேற்றம் ஏற்படுகிறது. பருவம் தவறிய விதைப்பு எவ்வளவு நஷ்டம் தரும் என்பது விவசாயப் பெருமக்கள் அறியாததன்று. அம்மூன்று மாதங்களை ஒருவர் படுக்கையிலேயே கழித்துவிட்டால், தம் காலால் நடந்திருக்கக் கூடியவர் ஆயுள் முழுவதும் பிறர் கையை எதிர்பார்த்து வாழும் நிலைமை ஏற்படலாம். ஆதலின், இல்லத்தைத் தேர்ந்தெடுப்பதில் நேரும் பிழையைப் பின்னர் திருத்துவது அரிது.

கட்டடம் கண்டு மயங்கலாகாது

மருத்துவப் பணியின் தரத்தை ஆராய்ந்த அவெடிஸ் டொனபெடியன் என்னும் அறிஞர், அதனை மூன்று வகையாகப் பிரித்துக் காணவேண்டும் என்று 1966ஆம் ஆண்டில் விளக்கினார். அமைப்பு, செயல், பயன் என்பன அம்மூன்று. கட்டடம், கட்டில்கள், கருவிகள், சிப்பந்திகளின் தொகை ஆகியவை அமைப்பைச் சேர்ந்தவை. நோயாளிக்கு அன்றாடம் செய்யப்படுவது செயல். அதனால் அவர் அடைந்த நன்மையே பயன்.

நம்மில் பலர் அமைப்பை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். வழவழப்பான தரையும் வாயிலில் பூந்தொட்டிகளும் மனத்தைக் கவர்ந்துவிடுகின்றன. உழவு மாடு வாங்கச் செல்லும் விவசாயி தொழுவத்தைப் பார்த்து விலை பேசுவதில்லை. பல்லைப் பார்க்கிறார், சுழியைப் பார்க்கிறார், நடக்கவிட்டுப் பார்க்கிறார். மனிதரைப் பேணும் இல்லத்தை அதைவிடக் கவனத்துடன் ஆராய வேண்டாமா?

உடல் கூறும் சாட்சி

இல்லத்தில் உள்ளவர்களின் உடலே முதற் சாட்சி. இதனைக் காண வைத்தியப் படிப்பு வேண்டுவதில்லை. உங்கள் உறவினர் ஓர் இல்லத்தில் இருந்தால், பின்வருவனவற்றை நீங்களே கவனிக்கலாம்.

படுக்கைப் புண்: அசைய இயலாதவரை ஒரே பக்கமாகக் கிடத்தினால், முதுகின் அடிப்பகுதி, இடுப்பு, குதிகால் ஆகிய இடங்களில் இரத்த ஓட்டம் தடைப்பட்டுப் புண் உண்டாகிறது. பொதுவாக இரண்டு மணிக்கு ஒருமுறை அவரைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். அழுத்திப் பார்த்தால் மறையாத சிவப்பு, கறுத்த தோலில் நிறமாற்றம், சூடு, தடிப்பு ஆகியவை முதல் அறிகுறிகள். பெரும்பாலான படுக்கைப் புண்கள் நோயினால் வருவன அல்ல, கவனிப்புக் குறைவால் வருவன என்பது, 19ஆம் நூற்றாண்டில் தாதியர் தொழிலைச் சீர்படுத்திய பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் கருத்து. இரவில் திருப்பிப் படுக்கவைப்பவர் யார் என்று இல்லத்தாரைக் கேளுங்கள். பதிலில் தயக்கம் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

எடை: சேரும் நாளில் எடை பார்த்து எழுதிக்கொள்வது அவசியம். ஒரு மாதத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கும், ஆறு மாதத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கும் எடை குறைவது கவலைக்குரியது. 60 கிலோ எடையுள்ளவர் ஒரே மாதத்தில் 57 கிலோ ஆகிவிட்டால், அதன் காரணத்தை விசாரித்தே ஆகவேண்டும்.

உணவும் நீரும்: பக்கவாதம் கண்டவருக்கு விழுங்கும் சக்தி குறைந்திருக்கக் கூடும். படுத்த நிலையில் அவசரமாக ஊட்டினால் உணவு மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரல் காய்ச்சலை உண்டாக்கும். நிமிர்த்தி உட்காரவைத்துச் சிறிது சிறிதாக ஊட்டுகிறார்களா என்று பார்க்கவேண்டும். கழிப்பிடத்துக்கு அழைத்துச் செல்லும் வேலை குறையட்டும் என்று குடிநீரைக் குறைக்கும் இல்லங்களும் உண்டு. உலர்ந்த நாக்கும், அடர்ந்த நிறமுள்ள சிறுநீரும் அதனைக் காட்டிக்கொடுக்கும்.

கட்டும் குழாயும்: நோயாளியைக் கட்டிலோடு கட்டிவைப்பது, டாக்டரின் தேவை அறியாது தூக்க மருந்து கொடுப்பது, சிப்பந்திகளின் வசதிக்காகச் சிறுநீர்க் குழாயை வாரக்கணக்கில் விட்டுவைப்பது ஆகிய மூன்றும் தரக் குறைவின் அடையாளங்கள். கட்டிவைத்தால் தசை வலுவிழக்கிறது. குழாயை நெடுநாள் விட்டுவைத்தால் கிருமி ஏறுகிறது.

தூக்கும் முறை: செயலிழந்த கையைப் பற்றி இழுத்து நோயாளியைத் தூக்கினால் தோள் மூட்டு நழுவித் தீராத வலி உண்டாகும். பயிற்சி பெற்றவர் அவ்வாறு செய்யார். சிப்பந்தி ஒருவர் நோயாளியைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதை ஒருமுறை நின்று பார்த்தாலே அவருடைய பயிற்சியின் அளவு விளங்கிவிடும்.

நூறு மதிப்பெண் அளவுகோல்

தீங்கு நேராமல் காத்தல் பாதிப் பணியே. மீட்டுத் தருகிறார்களா என்பதையும் அளக்கவேண்டும். அதற்கு எளிய அளவுகோல் ஒன்று உண்டு. மஹோனி, பார்த்தெல் என்னும் இருவர் 1965ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியிட்ட இது, இன்றும் பல நாடுகளில் வழக்கில் இருக்கிறது. அன்றாடச் செயல்கள் பத்தினை எடுத்துக்கொண்டு, அவற்றைப் பிறர் உதவியின்றிச் செய்யக்கூடியவருக்கு மொத்தம் 100 மதிப்பெண் தருகிறார்கள். குளித்தலுக்கு 5, முகம் கழுவித் தலைவாரிக்கொள்ளுதலுக்கு 5, உண்ணுதல், உடுத்தல், கழிப்பிடம் செல்லுதல், மாடிப்படி ஏறுதல், மலத்தை அடக்குதல், சிறுநீரை அடக்குதல் ஆகிய ஆறுக்கும் தலா 10, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுதலுக்கு 15, சமதரையில் நடத்தலுக்கு 15. உதவியுடன் செய்பவருக்கு மதிப்பெண் குறையும். செய்யவே இயலாதவருக்கு மதிப்பெண் இல்லை.

ஓர் உதாரணம் காண்போம். இல்லத்தில் சேரும்போது ஒருவருடைய மதிப்பெண் 35 என்று கொள்வோம். இரண்டு மாதம் கழித்து அவர் பிறர் உதவியின்றித் தாமே உண்கிறார். இதனால் 5 கூடுகிறது. முன்பு பெரும் உதவி பெற்று நாற்காலிக்கு மாறியவர் இப்போது சிறு உதவியோடு மாறுகிறார், இன்னும் 5. கழிப்பிடத்துக்குத் துணையுடன் செல்லத் தொடங்கியதால் மற்றும் 5. நடக்கவே இயலாதிருந்தவர் ஒருவர் கையைப் பிடித்து நடக்கிறார், இதற்கு 10. ஆக மதிப்பெண் 60. அந்த இல்லம் தன் கடமையைச் செய்திருக்கிறது எனலாம். மாறாக, 45 மதிப்பெண்ணுடன் சென்றவர் 30 ஆகிவிட்டால், புதிய நோய் எதுவும் வந்திராதபோது, பயிற்சி நடைபெறவில்லை என்றே ஐயுறவேண்டும். இதற்கு ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் போதும். சேரும் நாளில் இல்லத்தார் முன்னிலையிலேயே குறித்துக்கொண்டு, மாதம் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

சிப்பந்திகளும் இரவு நேரமும்

மேற்கூறிய பணிகளைச் செய்பவை மனிதக் கைகளே. ஆகையால், பகலில் எத்தனை பேர், இரவில் எத்தனை பேர், அவர்களுள் தகுதி பெற்ற செவிலியர் எத்தனை பேர், இயன்முறைப் பயிற்சியாளர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார், டாக்டர் எப்போது பார்வையிடுகிறார் என்று கேட்பது குடும்பத்தாரின் உரிமை. சிப்பந்திகள் அடிக்கடி மாறும் இல்லத்தில், நோயாளியின் பழக்கங்களை அறிந்தவர் எவரும் இருப்பதில்லை. உணவு வேளையிலும், மாலை விளக்கு வைத்த பின்னும், ஞாயிற்றுக்கிழமையிலும் சென்று பார்த்தால் உண்மை நிலை புலப்படும். குறித்த நேரத்தில் மட்டுமே உறவினரை அனுமதிக்கும் இல்லத்திடம் அதற்குக் காரணம் கேட்கவேண்டும்.

எடைபோடுவதில் நியாயம்

குறை காண்பதற்காகவே செல்லுதல் கூடாது. கடும் நோயாளிகளை மறுக்காமல் ஏற்கும் இல்லத்தில் மரணங்கள் சற்று அதிகமாகவே இருக்கும். இலேசான நோயாளிகளை மட்டும் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் இல்லத்தின் கணக்கு அழகாகத் தோன்றும். மண்ணின் தன்மை அறியாமல் விளைச்சலை ஒப்பிடுவது எவ்வாறு பொருந்தாதோ, அவ்வாறே சேரும்போது இருந்த நிலையை அறியாமல் இல்லங்களை ஒப்பிடுவதும் பொருந்தாது. நோயாளி தவறி விழுந்ததை மறைக்காது பதிவேட்டில் எழுதி, காரணத்தை ஆராய்ந்து, குடும்பத்தாருக்கு அன்றே தெரிவிக்கும் இல்லம் நம்பத் தகுந்தது. இங்கு ஒருவரும் விழுந்ததே இல்லை என்று கூறும் இல்லத்தில் பதிவேடே இல்லாதிருக்கலாம்.

அமெரிக்க நாட்டின் அனுபவம் இவ்விடத்தில் கருதத்தக்கது. அங்கு 1987ஆம் ஆண்டின் சட்டம் ஒவ்வொரு நோயாளியின் நிலையையும் காலந்தோறும் மதிப்பிட வேண்டும் என்று விதித்ததுடன், ஒழுங்குபடுத்தவோ வசதிக்காகவோ நோயாளியைக் கட்டிவைப்பதையும் தடுத்தது. 2008ஆம் ஆண்டு முதல், இல்லங்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரங்கள் அளித்து, அரசாங்கமே விவரங்களை வெளியிடுகிறது. தொடக்கத்தில் சிப்பந்திகளின் தொகையை இல்லங்களே தெரிவித்து வந்தன. 2018ஆம் ஆண்டு முதல் சம்பளப் பட்டியலைக் கொண்டு அது கணக்கிடப்படுகிறது. தன்னைப் பற்றித் தானே கூறிக்கொள்வதை மட்டும் கொண்டு ஓர் ஸ்தாபனத்தை மதிப்பிடலாகாது என்பதே இதனால் பெறப்படும் பாடம்.

பஞ்சாயத்துகள் செய்யக்கூடியவை

தனியார் இல்லத்துக்குள் அதிகாரத்துடன் நுழைய அங்கத்தினருக்கு உரிமையில்லை. ஆனால் அக்கறையுள்ள அயலாராக, இல்லத்தாரின் இசைவுடன், இரண்டொருவர் மாதம் ஒருமுறை சென்றுவரலாம். பார்க்க வருவோர் உள்ள நோயாளியைச் சிப்பந்திகளும் கவனத்துடன் பேணுவது இயல்பு. குறை கண்டால் முதலில் இல்லத்தாரிடம் கூறவேண்டும். பயன் இல்லையேல் மாவட்ட ஆட்சித் தலைவருக்கும் மாவட்ட சமூக நல அலுவலருக்கும் எழுதலாம். 14567 என்ற முதியோர் உதவித் தொலைபேசி எண்ணும் உண்டு.

இல்லத்தில் விட்டுவிட்டுத் திரும்பிப் பாராத பிள்ளைகளும் இருக்கிறார்கள். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் முதியோர் பராமரிப்புச் சட்டம், முதியோரைக் கைவிடுவதை மூன்று மாதம் வரை சிறைத் தண்டனைக்கோ, 5,000 ரூபாய் வரை அபராதத்துக்கோ, இரண்டுக்குமோ உரிய குற்றமாக்கியிருக்கிறது. பராமரிப்புத் தொகை கோருவோர் வருவாய்க் கோட்ட அளவில் உள்ள தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம்.

இல்லத்துக்கு அனுப்பாமலே பேண முடியுமா என்பதையும் குடும்பத்தார் முதலில் ஆலோசிக்கவேண்டும். 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், நோயாளியின் வீட்டுக்கே சென்று இயன்முறைப் பயிற்சி அளிக்கவும், நோய்த் தணிப்புச் சேவை செய்யவும் ஏற்பாடு உண்டு. திருப்பிப் படுக்கவைத்தல், நிமிர்த்தி ஊட்டுதல் ஆகியவற்றைக் குடும்பத்தார் கற்றுக்கொண்டால், சிலரை வீட்டிலேயே தேற்றிவிடலாம். சுகாதாரப் பணியாளரைக் கொண்டு இவற்றைக் கிராமப் பெண்களுக்கும் ஆண்களுக்கும் செய்து காட்டப் பஞ்சாயத்துகள் ஏற்பாடு செய்வது நலம்.

வரப்பு வெட்டியும் கிணறு தோண்டியும் ஊரை உருவாக்கியவர்களே இன்று கட்டிலில் கிடக்கும் முதியவர்கள். அவர்களுடைய கட்டணத்தைச் செலுத்திவிட்டதுடன் நம் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. சேர்ந்த நாளில் இருந்த நிலை என்ன, இன்றைய நிலை என்ன என்று மாதந்தோறும் ஒருவர் நேரில் சென்று பார்த்து எழுதிவருவாரானால், நல்ல இல்லங்கள் ஊக்கம் பெறும். மற்றவை தம்மைத் திருத்திக்கொள்ள வேண்டிவரும்.