அழையாது வந்த மதுவம்

பனையிற் கட்டும் முட்டியின் உட்புறத்தே சுண்ணாம்பு பூசியிருந்தால் இறங்குவது கருப்பநீர். பூசாதிருந்தால் இறங்குவது கள்ளு. இது எம்மவர் யாவரும் அறிந்த செய்தி. கள்ளிலே மதுவத்தைக் கொண்டுவந்து இடுவார் ஒருவருமிலர். பாளையிலும், பூச்சிகளின் காலிலும், பழைய முட்டியின் சுவரிலும் அது முன்னரே இருக்கின்றது. இனிப்பைக் கண்டவிடத்துத் தன் தொழிலைத் தொடங்கிவிடுகின்றது. சுண்ணாம்பு அத்தொழிலைத் தடுக்கின்றது.

கள்ளிறக்குவோர்க்குத் துணையாகும் இக்காட்டு மதுவமே பியர் காய்ச்சுவோர்க்குப் பகையாகிவிடுகின்றது. எமது நாட்டில் அனுமதிப்பத்திரமின்றி வீட்டிற் பியர் காய்ச்சுதல் குற்றமாகும். பிரித்தானியாவிலோ, வீட்டுத் தேவைக்குக் காய்ச்சுவோர் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும் என்ற விதி 1963 ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. அன்றுதொட்டு அங்கே பல இல்லங்களில் இது ஒரு பொழுதுபோக்காக நடைபெற்று வருகின்றது. ஆகவே நேயர்கள் அந்நாட்டுச் சமையலறை ஒன்றை மனக்கண்முன் கொண்டுவருவார்களாக.

முளைகட்டிய வாற்கோதுமையை வெந்நீரில் ஊறவைத்து வடித்து, ஹொப்ஸ் என்னும் கசப்புப் பூவை இட்டுக் கொதிக்கவைத்து, ஆறியபின் தெரிந்தெடுத்த மதுவத்தை இட்டு மூடிவைத்தார் ஒருவர். ஒரு கிழமையில் நுரை அடங்கிற்று. சில கிழமைகள் கழித்து மூடியைத் திறந்தால், மேலே வெண்ணிறமாய்ச் சுருக்கம் விழுந்த ஓர் ஆடை படர்ந்திருக்கின்றது. மணமும் மாறியிருக்கின்றது, கராம்பு போலவும், நனைந்த தோல் போலவும், குதிரை லாயம் போலவும் மணப்பதாகக் கூறுவர். கண்டவர்களுட் சிலர் அனைத்தையும் வாய்க்காலில் ஊற்றிவிடுவர். வேறு சிலர், முற்றாகப் பழுதாகுமுன் போத்தலில் அடைத்துவிடுவோம் என்று விரைவர். முன்னவர்க்கு நட்டம் பொருள் மாத்திரமே. பின்னவர்க்குக் கண்ணே போகவுங்கூடும்.

காரணத்தைக் கேளுங்கள். பியருக்கென வளர்க்கப்பட்ட மதுவம் எளிய வெல்லங்களையே உண்ணும். தெக்ஸ்திரின் என்னும் பெரிய மூலக்கூறுகளை எச்சிலாக விட்டுவிடும். காட்டு மதுவங்களுட் சில அவ்வெச்சிலையும் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல உண்ணவல்லன. உண்ணுந்தோறும் காபனீரொட்சைட்டு வாயு பிறக்கும். பாத்திரத்தில் இருக்கும்போது அது வெளியேறிவிடும். இறுக மூடிய போத்தலில் அது எங்கே செல்லும்?

திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் நீரமானி இதனைக் கணக்கிட்டுச் சொல்லும். தொடக்கத்தில் 1.050 என நின்ற அளவு, நொதித்தல் முடிகையில் 1.012 அளவில் நின்றுவிடுவது வழக்கம். போத்தலில் அடைத்தபின் அது வெறும் 0.004 குறைந்தாலும், பியரின் கனவளவைப்போல் ஏறக்குறைய இருமடங்கு வாயு புதிதாகச் சேரும். சாதாரண பியரில் இருப்பதே இரண்டரை மடங்குதான். காட்டு மதுவமோ அளவை 1.002 வரைக்கும் இறக்கிவிடக்கூடும். கண்ணாடி இதனைத் தாங்குமா?

ஆகவே முதலிற் செய்யவேண்டியது, ஒன்றுஞ் செய்யாதிருத்தல். ஆடையைக் கலக்கவும் வேண்டாம், வழித்தெடுக்கவும் வேண்டாம். மூடியை அடிக்கடி திறந்தால் உட்புகும் ஒட்சிசன் ஆடையை வளர்ப்பதோடு, வினாகிரி ஆக்கும் பற்றீரியாக்களுக்கும் விருந்தாகும். மாதம் ஒருமுறை அடியிலிருந்து சிறிது எடுத்து, நீரமானியால் அளந்து, குறித்து வைத்தல் வேண்டும். மூன்று மாதம் அளவு அசையாது நின்றபின் தடித்த போத்தல்களில் அடைக்கலாம். எடுத்ததைச் சுவைத்துப் பார்ப்பதில் பொதுவாகத் தீங்கில்லை. பியரின் புளிப்பும் அற்ககோலும் நோய்க்கிருமிகள் பெருக இடந்தருவது அரிது. ஆனால் பச்சையாகவோ கறுப்பாகவோ மயிர்போன்ற பூஞ்சணம் காணப்பட்டால், சுவை பாராது கொட்டிவிடுக.

முன்னரே போத்தலில் அடைத்துவிட்டவர் என் செய்வது? போத்தல்களை நன்கு குளிரூட்டியபின், கண்ணுக்குக் காப்பும் கைக்குத் தடித்த உறையும் அணிந்து, கனத்த துணியாற் போர்த்தி, ஒவ்வொன்றாக மூடியை நெகிழ்த்தி வாயுவைப் போக்குதல் வேண்டும். வெப்பமான அறையிலே அவற்றைத் தூக்கிக் குலுக்கிப் பார்ப்பதைப் போன்ற மடமை வேறில்லை.

பெரிய மதுச்சாலைகளும் இத்தொல்லைக்குத் தப்பவில்லை. கொப்பன்ஹேகன் நகரின் கார்ள்ஸ்பேர்க் ஆராய்ச்சிச்சாலையில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் என்பார், கெட்டுப்போகும் பியரிலே பலவகை மதுவங்கள் கலந்திருப்பதைக் கண்டு, 1883 இல் ஒரேயொரு கலத்திலிருந்து தூய மதுவத்தைப் பெருக்கிக் காட்டினார். அதே நிறுவனத்தைச் சேர்ந்த கிளௌசன், ஆங்கிலேயரின் பழைய பியருக்கு அதற்கேயுரிய மணத்தைக் கொடுப்பது ஒரு காட்டு மதுவமே என 1904 இல் எடுத்துக்காட்டி, அதற்குப் பிரெற்றனோமைசெஸ், அதாவது பிரித்தானியப் பூஞ்சணம், என்று பெயரிட்டார். பகைவனென்று துரத்தப்பட்டவன் விருந்தினனாகவும் இருந்திருக்கின்றான்! பெல்ஜியத்தில் பிரசெல்ஸ் நகரை அடுத்த சென் ஆற்றுப்பக்கத்திலே, காய்ச்சிய வடிநீரைக் குளிர்காலத்து இரவில் அகன்ற தட்டமான தொட்டியில் ஆறவைத்து, வருகிற மதுவம் வரட்டும் என்று விட்டுவிடுகின்றனர். அவ்வாறு ஆகும் லாம்பிக் பியர் மரப்பீப்பாயில் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை கிடக்கும். எம்மூர்க் கள்ளுக்கு இது தூரத்து உறவு எனலாம். கள்ளுக்கு அவ்வளவு பொறுமையில்லை.

எனினும் சமையலறைப் பியரை அவ்வாறு எதிர்பார்த்தல் தகாது. பத்தில் ஒன்று நன்றாய் அமைந்தால் அது நற்பேறு. மணம் கெட்டு வினாகிரியாகிவிட்டால் தயங்காது விட்டுவிடலாம்.

இனிப் பாத்திரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. கண்ணாடியையும் துருப்பிடியாத உருக்கையும் அழுக்குப்போகக் கழுவிக் கொதிநீரால் அல்லது கிருமிநீக்கியால் தூய்மையாக்கலாம்; கண்ணாடியைச் சிறிது சிறிதாகச் சூடேற்றாவிடில் வெடிக்கும். அழுக்கின்மேல் ஊற்றிய கிருமிநீக்கி பயன்தராது. பிளாத்திக்கு வாளியின் கீறல்களிலும் இறப்பர்க் குழாய்களிலும் மதுவம் ஒளிந்திருக்குமாதலால், அவற்றை மாற்றிவிடுவதே மலிவு. வெளிற்றும் திரவத்தைப் பயன்படுத்துவோர் அதனோடு வினாகிரியை ஒருபோதும் கலத்தலாகாது. நச்சு வாயுவாகிய குளோரீன் எழும். வாற்கோதுமையை அரைக்கும் இடம், வடிநீர் ஆறும் இடத்துக்குத் தொலைவில் இருக்கட்டும். அத்தூசியிலேதான் அழையா விருந்தினர் பலர் வந்து சேருகின்றனர்.