‘வேர்’ என்னும் ஆங்கில வினையும் தமிழின் அணிதல் வினைகளும்: ‘சூடு’ என்னும் வினையை முன்வைத்து

முன்னுரை

ஆங்கிலத்தில் ‘வேர்’ என்னும் ஒரே வினை சேலை, மோதிரம், மூக்குக்கண்ணாடி, மலர், நறுமணத் தைலம், தாடி ஆகிய அனைத்தையும் செயப்படுபொருளாக ஏற்கும். தமிழோ பொருளுக்கேற்ப வினையை வேறுபடுத்துகிறது. இவ்வேறுபாட்டின் இயல்பை, திருவில்லிபுத்தூர் ஆண்டாளுக்கு வழங்கும் ‘சூடிக்கொடுத்த நாச்சியார்’ என்னும் பெயரைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

வினைப் பகுப்பு

ஆடையை உடுத்தலும் அணிகலனைப் பூணலும் மலரையும் முடியையும் சூடலும் தமிழ் மரபு. தைலம் பூசப்படும், தாடி வளர்க்கப்படும். மலருக்குச் சங்க இலக்கியத்தில் மலைதல், மிலைதல், வேய்தல் என்னும் வினைகளும் உண்டு. பொருள் விரிந்தவிடத்தும் இவ்வெல்லை காக்கப்படுகிறது. விரதம் பூணுவர், வாகை சூடுவர். ‘வாகை உடுத்தனர்’ என்பது வழக்கன்று.

அணிந்தது பழுதுறும் நிலையையும் ‘வேர்’ குறிக்கும். அணிதற்பொருளிலிருந்து கிளைத்த இப்பொருளைத் தமிழ் மீண்டும் பகுக்கிறது. துணி நையும்; செருப்புத் தேயும். நூற்பாலைகள் மிகுந்த இராசபாளையத்தில் பொறிகளுக்கு நேர்வது தேய்மானம். சூடிய மலரோ வாடும்.

நிலையும் செயலும்

‘வேர்’ அணிந்திருக்கும் நிலையைச் சுட்டும். அணியும் செயலுக்கு ஆங்கிலத்தில் வேறு தொடர்வினை உண்டு. தமிழ் இதனைத் துணைவினையால் உணர்த்தும். ‘கண்ணாடி அணிகிறார்’ என்பது செயலையோ வழக்கத்தையோ குறிக்க, ‘அணிந்திருக்கிறார்’ என்பது நிலையைக் குறிக்கிறது. மேலும் ‘சூடு – சூட்டு’, ‘பூண் – பூட்டு’ எனத் தன்வினையும் பிறவினையும் தமிழில் இணையாக அமைகின்றன. ‘வேர்’ என்பதற்கு இத்தகைய பிறவினை வடிவம் இல்லை.

சூடிக்கொடுத்தல்

‘சூடிக்கொடுத்த’ என்னும் தொடரில் மாலை என்னும் சொல் இல்லை. எனினும், கொடுக்கப்பட்டது மாலையே என்பதை வினையே உணர்த்திவிடுகிறது. ‘அணிந்து கொடுத்த’ என மாற்றின் அது வளையலா, ஆரமா என்னும் ஐயம் எழும். ‘சூட்டிக்கொடுத்த’ என்றால் சூடியவர் பிறராவர். தான் சூடியதை இறைவனுக்கு ஈந்தாள் என்னும் வரலாறே சிதையும்.

இதனைத் தெலுங்குக் காப்பியப் பெயரோடு ஒப்பிடலாம். கிருஷ்ணதேவராயர் (ஆட்சி 1509–1529) ஆண்டாளைப் பற்றி இயற்றிய காப்பியம் ‘ஆமுக்தமால்யதா’. இவ்வடமொழித் தொடரில் ‘ஆமுக்த’ என்பது ‘அணியப்பெற்ற’ என்னும் பொதுப்பொருளே தருவதால், ‘மால்ய’ என்னும் பெயர்ச்சொல் மாலையைத் தனியே சுட்ட வேண்டியுள்ளது. திருவில்லிபுத்தூரை அடுத்த இராசபாளையத்தில் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டோர் வாழ்வதால், இவ்விரு பெயர்களின் ஒப்பீடு இவ்வட்டாரத்திற்குப் பெரிதும் பொருந்துவது.

இன்றைய வழக்கு

பேச்சுவழக்கில் ‘பூ வைத்தல்’, ‘மாலை போடுதல்’ என்பனவே மிகுதி. சூடுதல் அருகினும் மறையவில்லை. பெயர் சூட்டு விழா, பூச்சூட்டல் ஆகிய வழக்குகளில் அது வாழ்கிறது. புரட்டாசிப் பிரம்மோற்சவத்திற்காக ஆண்டுதோறும் திருவில்லிபுத்தூரிலிருந்து திருமலைக்குச் செல்வதும் ‘ஆண்டாள் சூடிக்களைந்த மாலை’ என்றே வழங்கப்படுகிறது. சட்டையைக் கழற்றுவர், முடிச்சை அவிழ்ப்பர், சூடிய மலரைக் களைவர். எதிர்வினையிலும் பகுப்புத் தொடர்கிறது.

முடிவுரை

‘வேர்’ என்பதற்கு ‘அணி, உடு, பூண், சூடு’ என நிரல்படப் பொருள் தருவது இவற்றை ஒருபொருட் பன்மொழியாக மயங்கச் செய்யும். ஒவ்வொரு வினையோடும் அது ஏற்கும் பெயர்களையும் அதன் பிறவினை, எதிர்வினை வடிவங்களையும் இருமொழி அகராதிகள் தருதல் வேண்டும். இன்றேல், மொழிபெயர்ப்பில் ‘அணி’ ஒன்றே எஞ்சி, பெயரின் துணையின்றியே பொருளுணர்த்தும் ‘சூடு’ போன்ற வினைகள் வழக்கொழியக்கூடும்.